நாலு வேலைக்கு நாலு சைக்கிளா, எல்லாவற்றுக்கும் ஒன்றா?

ஆயர் ஈத்தாம் வாசி | ஜூன் 2, இரவு 9.15

வேலைக்குத் தினமும் ஆயர் ஈத்தாமிலிருந்து ஜார்ஜ்டவுன். ஞாயிற்றுக்கிழமை பினாங்குத் தீவை ஒரு சுற்று. எப்போதாவது ஃபெர்ரி ஏறி அக்கரையில் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்து மண்பாதை. சாயங்காலம் மகளைப் பின்னால் உட்கார வைத்து டியூஷன். கடையில் கேட்டால் ரோடு சைக்கிள், கிராவல் சைக்கிள் (மண்பாதைக்கும் போகும் அகல டயர் சைக்கிள்), மடக்கு சைக்கிள், கேரியர் வைத்த சைக்கிள் என்று நாலையும் அடுக்குகிறார்கள். அடுக்குமாடி வீட்டில் நாலை எங்கே நிறுத்துவது? நல்லதாக ஒன்று வாங்கினால் போதாதா?

செயின்கவர் | ஜூன் 2, இரவு 10.40

முதல் மூன்று வேலைக்கும் ஒன்று தாராளமாகப் போதும். நாலாவதைத் தனியாகப் பேசுவோம். மகளுக்கு என்ன வயது, எத்தனை கிலோ?

சைக்கிளின் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். கிராவல், எண்டூரன்ஸ், ஆல் ரோடு எல்லாம் விற்பவர் வைத்த பெயர்கள். ஃபிரேமில் மூன்றே விஷயம் பாருங்கள். எவ்வளவு அகல டயர் நுழையும்? மிகச் சிறிய கியர் எது? மட்கார்டும் கேரியரும் மாட்டத் திருகுத் துளை இருக்கிறதா? இந்த மூன்றையும் வாங்கிய பிறகு மாற்றுவது கஷ்டம், அல்லது முடியவே முடியாது. சீட்டு, பெடல், டயர், ஹேண்டில் டேப் எல்லாம் நாளைக்கே மாற்றலாம்.

டயருக்கு, மட்கார்டு இல்லாமல் குறைந்தது 42 மி.மீ. நுழைய வேண்டும். மட்கார்டு மாட்டினால் அதில் 5, 6 மி.மீ. போய்விடும். மிச்சத்தில் ஊருக்கு 32 தாராளமாக ஓடும், மட்கார்டைக் கழற்றினால் மண்ணுக்கு 38. 28-க்கு மேல் இடம் இல்லாத ஃபிரேம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உங்களுக்கு வேண்டாம். ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்களில் சாக்கடை மூடிக் கம்பிகள் சில இடங்களில் சாலைக்கு இணையாக ஓடுகின்றன. ஒல்லி டயர் அந்த இடுக்கில் இறங்கினால் ஆள் முன்பக்கமாகப் பறப்பார்.

கடற்கரை ரோடு | ஜூன் 3, காலை 6.50

கியர் பற்றி செயின்கவர் ஒரு வரியில் தாண்டிவிட்டார். 34 பல் கிராங்கும் (பெடல் பக்கப் பல்சக்கரம்) 28 பல் கேசட்டும் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) இருந்தால் இந்தத் தீவில் ஏறாத ஏற்றம் இல்லை. பல பேர் அதில்தான் சுற்றுகிறார்கள்.

செயின்கவர் | ஜூன் 3, மதியம் 1.05

ஏறலாம், மறுக்கவில்லை. யார், எதைச் சுமந்து ஏறுகிறார் என்பதுதான் கேள்வி. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

700×32 டயர் (ரோடு சைக்கிளின் வழக்கமான சக்கர அளவு, 32 மி.மீ. அகலம்) ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 2.15 மீட்டர் போகும். 34/28 கியரில் பெடல் ஒரு சுற்றுக்கு 2.6 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9.4 கி.மீ. அதற்குக் கீழே போனால் மிதி கனத்து முட்டி வலிக்கும். ஆளும் சைக்கிளும் சேர்த்து 85 கிலோ, ஏற்றம் 10 சதவீதம் என்று வையுங்கள். அந்த வேகத்தைப் பிடித்து வைக்கச் சுமார் 230 வாட் வேண்டும். தினமும் பயிற்சி எடுப்பவருக்கு அது சரி. ஆபீஸ் முடிந்து ஞாயிறு மட்டும் ஓட்டுபவரால் கொஞ்ச நேரத்துக்கு மேல் தாங்க முடியாது.

46, 30 பல்லில் இரண்டு பல்சக்கரம் உள்ள 46/30 கிராங்க், 11 முதல் 34 பல் வரை உள்ள 11-34 கேசட் போட்டால் கடைசிக் கியர் 30/34. பெடல் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர், அதே 60 சுற்றில் மணிக்கு 6.8 கி.மீ., தேவை 170 வாட்டுக்குள். தெலுக் பஹாங் அணைக்கட்டைத் தாண்டி தித்தி கெராவாங் பக்கம் வளைந்து வளைந்து ஏறும்போது இந்த 60 வாட் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று தெரியும். அதன் பிறகு பாலிக் பூலாவ், அங்கிருந்து கெந்திங் மேடு ஏறி தெலுக் கும்பார் இறங்க வேண்டும். கால் முதல் ஏற்றத்திலேயே முடிந்துவிட்டால் மீதிச் சுற்று தண்டனை.

பெரிய கியர் பக்கம் வேகம் குறைந்துவிடுமே என்று கேட்பீர்கள். 46/11-ல் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்குச் சுமார் 49 கி.மீ. இறக்கத்தில் அதற்கு மேல் வேண்டுமானால் மிதிக்காமல் குனிந்துகொண்டால் போதும்.

பட்டறை அண்ணன் | ஜூன் 3, இரவு 8.30

ஒரு சைக்கிள், இரண்டு ஜோடி சக்கரம். இதைச் சரியாகச் செய்தால் இரண்டு சைக்கிளுக்குச் சமம். சரியாகச் செய்யாவிட்டால் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பிரேக் உரசும், கியர் குதிக்கும், கடைசியில் இரண்டாம் ஜோடி மூலையில் தூசி பிடிக்கும். என் பட்டறைக்கு வருபவர்களுக்குச் சொல்வதை இங்கேயும் எழுதுகிறேன்.

ஆக்சில் (சக்கர அச்சு) ஒரே அளவாக இருக்க வேண்டும். இன்றைய டிஸ்க் பிரேக் சைக்கிள்களில் பெரும்பாலும் முன்னால் 12×100 மி.மீ., பின்னால் 12×142. பழைய குயிக் ரிலீஸ் சக்கரத்தை இதில் மாட்ட முடியாது. முடிந்தால் இரண்டு ஜோடிக்கும் ஒரே கம்பெனி ஹப் (சக்கர நடுக்குடம்) எடுங்கள். டிஸ்க் தட்டும் ஒரே அளவு, ஒரே கம்பெனி.

அப்படி எடுத்தாலும் ஒரு தட்டு சற்று உள்ளேயும் இன்னொன்று வெளியேயும் நிற்கும். பிரேக் பேடுக்கும் தட்டுக்கும் நடுவே இருப்பது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதனால் எந்தச் சக்கரத்தின் தட்டு உள்ளே தள்ளி நிற்கிறதோ அதைக் கழற்றி, அடியில் 0.2 மி.மீ. கனமுள்ள மெல்லிய ஷிம் வளையம் போட்டு வெளியே கொண்டுவர வேண்டும். ஆறு திருகுத் தட்டாக இருந்தால் இந்த வேலை சுலபம். முதல் சக்கரத்துக்குப் பிரேக்கை நடுவாக்கி இறுக்குங்கள். இரண்டாவதை மாட்டி, வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் பிடித்து இரண்டு பக்க இடைவெளியையும் பாருங்கள். உரசும் பக்கம் எது என்று கண்ணாலேயே தெரியும். ஒரு ஷிம், தேவைப்பட்டால் இரண்டு. பிரேக்கைத் தளர்த்தி நகர்த்திச் சரி செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த முறை முதல் சக்கரம் உரசும்.

கேசட் இரண்டும் ஒரே பல் அளவு. செயின் ஒன்றுதான் என்பதால் அது தேய்ந்தபடி ஓடினால், அதிகம் ஓடாத கேசட்டை மாட்டும் நாளில் அழுத்தி மிதிக்கும்போது பல் மேல் ஏறிக் குதிக்கும். 12 ஜோடிக் கண்ணி புதிதில் 304.8 மி.மீ. இருக்கும். அது 306.3-ஐத் தொட்டால் அரை சதவீதத் தேய்மானம். 11, 12 ஸ்பீடுக்கு (கேசட்டில் அத்தனை பல்சக்கரம்) அங்கேயே செயினை மாற்றிவிடுங்கள். 9, 10 ஸ்பீடு 307 வரை தாங்கும்.

கடற்கரை ரோடு | ஜூன் 3, இரவு 11.20

46/30 கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு போக வேண்டுமென்றால் 10 கிலோ சைக்கிளில் எப்படி? ரோடு சைக்கிள் 8 கிலோ.

செயின்கவர் | ஜூன் 4, காலை 7.40

இரண்டு கிலோ என்பது 85 கிலோவில் ஏறக்குறைய 2.4 சதவீதம். அரை மணி நேர ஏற்றத்தில் நாற்பது விநாடி சொச்சம். பந்தயத்தில் அது பெரிய விஷயம், கூட்டத்தோடு போவதற்கு இல்லை.

சமதரையில் ஆளைப் பின்னால் இழுப்பது எடையைவிட டயர்தான். பட்டன் வைத்த கனமான மண் டயருக்கும் நல்ல வழுவழு டயருக்கும் உருளும் எதிர்ப்பில் 0.003 வித்தியாசம் வருவது சாதாரணம். மணிக்கு 28 கி.மீ. வேகத்தில் 85 கிலோவுக்கு அது சுமார் 20 வாட். பத்து ஃபெரிங்கி ரோட்டில் கிராவல் சைக்கிள் மெதுவாகப் போகிறது என்று குறை சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் மண் டயரோடு தார் ரோட்டில் ஓட்டுபவர்கள். 32 அகல வழுவழு டயரைப் போட்டு, காற்றை 55, 60 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டிவிட்டு மறுபடி பேசட்டும். 28 டயர் வழக்கத்தில் 80 வைத்தவர்கள் 32-லும் 80 வைத்தால் உடம்பு குலுங்கும், மழையில் வழுக்கும். அந்தக் காற்றில் வேகமும் கூடுவதில்லை.

பட்டறை அண்ணன் சொன்ன இரண்டு ஜோடிக்கு ஒரு யோசனை. மண் பாதைக்கு 700×40 போட்டால் சக்கரத்தின் மொத்த விட்டம் 702 மி.மீ., ரோட்டுக்குப் போடும் 700×32-ல் 686. கிராங்க் 8 மி.மீ. உயரும், மட்கார்டு இடைவெளியும் மாறும். அதற்குப் பதில் சற்றுச் சிறிய 650பி ரிம்மில் 47 மி.மீ. டயர் போட்டால் விட்டம் 678. உயரம் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும், டயரும் இன்னும் அகலம். ஃபிரேம் இடம் கொடுத்தால் இதுவே நல்லது. மட்கார்டு மட்டும் 55 அகலமாவது வேண்டும்.

பிறை அக்கா | ஜூன் 4, மதியம் 12.15

அக்கரைத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் முள்ளைப் பற்றிப் பேசாமல் டயர் அகலத்தையே பேசுகிறீர்கள். செம்பனை மட்டையின் அடிப்பகுதியில் இரண்டு ஓரமும் முள்தான். வெட்டிய மட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாலும் துண்டுகள் பாதைக்கு வந்துவிடும். டியூப் டயரில் வந்தால் நாள் முழுக்க ஒட்டுப் போட்டுக்கொண்டே இருக்கலாம். டியூப்லெஸ், உள்ளே சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்), 40 அகல டயருக்கு 60 மில்லியாவது. முள் குத்தியது தெரிந்தால் உடனே பிடுங்காதீர்கள். சக்கரத்தைச் சுற்றி, குத்திய இடம் கீழே வரும்படி நிறுத்திவிட்டுப் பிடுங்கினால் சீலண்ட் அங்கேயே ஓடி அடைக்கும்.

மழை பெய்த மறுநாள் செம்மண் களியாகிவிடும். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் 6 மி.மீ. இல்லையென்றால் சேறு அடைத்துச் சக்கரம் சுற்றாது. மட்கார்டைக் கழற்றிவிட்டு வாருங்கள்.

தைப்பூசத்துக்கு மறுநாள் ரதம் போன வழியில் ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரோட்டைக் கூட்டிவிடுவார்கள், ஓரத்தில் உடைத்த தேங்காயின் சிரட்டைத் துண்டு ஒதுங்கிக் கிடக்கும். அது குத்தாது, டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும். சீலண்ட் அதை அடைக்காது. உள்ளே பழைய டயர்த் துண்டு வைத்து டியூப் போட வேண்டும். கையில் ஒன்றும் இல்லையென்றால் ஒரு ரிங்கிட் நோட்டை நாலாக மடித்து வையுங்கள். பாலிமர் நோட்டு, நனைந்தாலும் கிழியாது, வீடு வரை தாங்கும்.

ஆயர் ஈத்தாம் வாசி | ஜூன் 4, இரவு 8.00

மகளுக்கு ஏழு வயது, 24 கிலோ. குழந்தை சீட்டு வாங்கி அதே சைக்கிளில் மாட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

செயின்கவர் | ஜூன் 4, இரவு 9.25

அப்படியானால் ஒரு சைக்கிள் கணக்கு இங்கே உடைகிறது.

பின்னால் மாட்டும் குழந்தை சீட்டுகள் பெரும்பாலும் 22 கிலோ வரைதான். உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள். கேரியரில் மெத்தை வைத்து உட்கார வைக்கலாம் என்றால், கிராவல் சைக்கிளுக்கு வரும் அலுமினியக் கேரியர்கள் சாமானுக்குச் செய்தவை. 25 கிலோ என்று எழுதியிருப்பது அசையாத பைக்கு. குழந்தை அசையும், திரும்பும், சக்கரம் குழியில் விழும்போது கேரியரில் சுமை பல மடங்காகக்கூடும். கேரியர் முறிவது பெரும்பாலும் கீழ்த் திருகு இருக்கும் இடத்தில். அது உடைந்தால் கேரியர் அப்படியே பின்னால் சாயும்.

ஆள் ஏற்றவென்று செய்த இரும்புக் கேரியர், கால் வைக்க மிதி, சக்கரக் கம்பிகளுக்கு மேல் தடுப்பு, இந்த மூன்றும் உள்ள சைக்கிள் தனியாகத்தான் வேண்டும். தடுப்பை அலட்சியம் செய்யாதீர்கள். பின்னால் உட்காரும் பிள்ளைகளுக்கு அடிக்கடி நடக்கும் விபத்து குதிகால் கம்பிக்குள் போவதுதான். இரட்டைக் கால் ஸ்டாண்டும் போடுங்கள். ஒற்றை ஸ்டாண்டில் பிள்ளையை ஏற்றினால் சைக்கிள் சாயும்.

இதோடு இன்னொரு காரணம் சேர்கிறது. நேற்றே எழுதியிருக்க வேண்டும். டியூஷன் வாசலிலும் பாசாரிலும் கடை முன் ஐந்தடி நடைபாதையிலும் நிறுத்துகிற சைக்கிள் வெயில், மழை, திருட்டு மூன்றுக்கும் நின்றுகொடுக்க வேண்டும். ஹைட்ராலிக் பிரேக்கும் 46/30 கிராங்கும் உள்ள சைக்கிளை அங்கே விட்டுவிட்டு ஒருவரும் நிம்மதியாகக் கத்தரிக்காய் வாங்க முடியாது. ஆகவே இரண்டு வாங்குங்கள், ஓடும் சைக்கிள் ஒன்று, நிற்கும் சைக்கிள் ஒன்று. தார் ரோடு, மண் ரோடு என்று பிரித்து வாங்குவதைவிட இப்படிப் பிரிப்பது இந்த ஊருக்குப் பொருந்தும்.

பட்டறை அண்ணன் | ஜூன் 5, காலை 10.10

நிற்கும் சைக்கிளுக்குப் புதிதாகத் தேட வேண்டாம். 28 அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும் (கேபிள் இல்லாமல் இரும்புத் தண்டு இழுப்பது) உள்ள பழைய ராலி மாதிரி வண்டிகள் இன்னும் அங்கங்கே கிடைக்கின்றன. பால், ரொட்டி, பேப்பர், ஆள் எல்லாம் ஏற்றிய வண்டி அது. டயர் 28×1½, அதாவது 40-635 (அகலம் 40, ரிம் விட்டம் 635 மி.மீ.). வாங்கும்போது இந்த 635-ஐப் பாருங்கள். 700 டயர் 622, 13 மி.மீ. சிறியது, ஏறவே ஏறாது.

குறை ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. இரும்பு ரிம்மில் கம்பி பிரேக் மழையில் பிடிக்காது. குழந்தையை ஏற்றுவதாக இருந்தால் அந்த வண்டியை அப்படியே ஓட்டாதீர்கள். முன்சக்கரத்தில் டிரம் பிரேக் ஹப் போட்டுக் கட்டுங்கள், அல்லது அலுமினிய ரிம்முக்கு மாறி வி-பிரேக் உள்ள புதிய இரும்பு ஃபிரேம் எடுங்கள். ஆயர் ஈத்தாம் பக்கம் மேடு பள்ளம் இருப்பதால் பின்னால் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் நல்லது. நடுக் கியர் நேர், கீழ்க் கியர் 25 சதவீதம் குறைவு, மேல் கியர் 33 சதவீதம் கூடுதல். பல் எல்லாம் ஹப்புக்குள் இருப்பதால் மழையில் கெடாது. பின் ஸ்ப்ராக்கெட் (பல்சக்கரம்) 18 பல் இருந்தால் 22 போடுங்கள். பிள்ளையோடு ஏற அப்போதுதான் கால் வரும்.

கடற்கரை ரோடு | ஜூன் 5, மாலை 5.45

அப்படியானால் மூன்றாவதாக ரோடு சைக்கிள் வைத்துக்கொள்வதில் என்ன தப்பு? இடம் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்.

செயின்கவர் | ஜூன் 5, இரவு 10.00

தப்பு ஒன்றும் இல்லை. பராமரிப்பு நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஓட்டாத சைக்கிளும் கெடும். சீலண்ட் இரண்டு, மூன்று மாதத்தில் காய்ந்து ரப்பர் உருண்டையாகிவிடும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ஊற்ற வேண்டும். கடற்கரைக் காற்றில் உப்பு உண்டு, தஞ்சோங் தோக்கோங் பக்கம் பால்கனியில் நிற்கும் சைக்கிளில் செயினும் கம்பி முனை நிப்பிளும் முதலில் போகும்.

கண்ணில் படாத இடம் ஹேண்டில் டேப்புக்கு அடியில். வியர்வை டேப் வழியாக இறங்கி அலுமினியத்தைத் தின்னும். வருடத்துக்கு ஒரு முறை டேப்பை உரித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி லேசாகப் படிந்திருந்தால் துடைத்துவிடலாம். குழி விழுந்திருந்தால், விரல் நகம் மாட்டினால், ஹேண்டிலை மாற்றுங்கள். அது வளைந்து எச்சரிக்கை தராது, முறியும். சீட்டுக் கம்பத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உருவி, இரும்பு, அலுமினிய ஃபிரேமுக்கு கிரீஸ், கார்பனுக்கு கார்பன் பேஸ்ட் தடவி மாட்ட வேண்டும். இது ஒரு சைக்கிளுக்கான வேலை. மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சைக்கிளை நியாயப்படுத்தும் ஒரே வேலை செங்குத்தான காட்டுப் பாதை. வேர், பாறை, குதித்து இறங்கும் படிகள். அங்கே கிராவல் சைக்கிளை எவ்வளவு அகல டயர் போட்டும் இழுக்க முடியாது. முன் ஃபோர்க் சாய்வு, சஸ்பென்ஷன், அகல ஹேண்டில் மூன்றும் ஃபிரேமோடு பிறந்தவை. அந்தப் பாதையில் அடிக்கடி போகிறவர் மவுண்டன் சைக்கிளே வாங்கட்டும்.

ஆயர் ஈத்தாம் வாசி | ஜூன் 6, காலை 7.20

முடிவாகிவிட்டது, இரண்டு. மடக்கு சைக்கிள் வேண்டாமா? ஃபெர்ரிக்கு அதுதான் வசதி என்று கடையில் சொன்னார்கள்.

பிறை அக்கா | ஜூன் 6, காலை 9.00

ஃபெர்ரிக்கு மடக்கு சைக்கிள் அவசியமே இல்லை தம்பி. 2023 ஆகஸ்டில் வந்த புதிய படகுகள் காரை ஏற்றுவதில்லை, மோட்டாரையும் சைக்கிளையும் ஆளையும் ஏற்றுகின்றன. முழுச் சைக்கிளை அப்படியே தள்ளிக்கொண்டு போகலாம். பாலம் இரண்டிலும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, அந்த யோசனையே வேண்டாம். மடக்கு சைக்கிள் பஸ், ரயில், கார் டிக்கி என்று மாறி மாறிப் போகிறவர்களுக்கு. 16 அங்குலச் சக்கரம் குழியில் நன்றாக இறங்கும், மண்பாதைக்கு ஆகாது.

பட்டறை அண்ணன் | ஜூன் 6, மாலை 6.30

பழைய வண்டி பார்க்கப் போகும்போது ஒரு சின்ன ஸ்பேனரும் அலன் கீயும் டார்ச்சும் எடுத்துப் போங்கள். சீட்டுக் கம்பத் திருகைத் தளர்த்தி, சீட்டைப் பிடித்து முறுக்குங்கள். அசைந்தால் மேலே பேசலாம். அசையவில்லையென்றால் கம்பம் குழாயோடு ஒட்டிவிட்டது, பெரும்பாலும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும், விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள். கம்பத்தை உருவி, குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்புத் தூள் பரவாயில்லை. செதில் செதிலாக உரிந்து கீழே கொட்டினால் வேண்டாம். கிராங்க் பெட்டிக்கு அடியில் தண்ணீர் வடியும் சின்னத் துளை இருக்கிறதா, அழுக்கு அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.